ஏஐ வந்தபின் கணக்குப் பிரிவில் என்ன மிஞ்சும்?

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது எங்கள் குழுவின் வேலை. என்னையும் சேர்த்து ஆறு பேர். நான்கு மாதத்துக்கு முன் பில்களைத் தானே படித்துப் பதிவு செய்யும் ஏஐ மென்பொருளை நிர்வாகம் கொண்டுவந்தது. "90 சதவீதத்தை இதுவே பார்த்துக்கொள்ளும், ஆனாலும் யாரையும் அனுப்ப மாட்டோம்" என்கிறார் மேலாளர். அதே சமயம், புதிதாக இரண்டு பேரை எடுப்பதாக இருந்ததைக் கைவிட்டுவிட்டார்கள். என் வேலை இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? இந்த வயதில் புரோகிராமிங் படிக்க வேண்டுமா? மகள் வணிகவியல் பட்டப்படிப்பில் சேரப்போகிறாள், வேறு படிப்புக்கு மாற்றிவிடட்டுமா? கையில் இருக்கும் சேமிப்பைப் போட்டு வீட்டுக் கடனை அடைத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மேலாளர் கொடுத்த வாக்குறுதியைவிட, எடுக்காமல் விட்ட அந்த இரண்டு ஆட்களைப் பற்றிய வரிதான் உங்கள் கடிதத்தில் முக்கியமானது. ஏஐ வேலைச் சந்தைக்குள் நுழையும்போது பெரும்பாலும் ஆட்குறைப்பு அறிவிப்போடு வருவதில்லை. காலியான நாற்காலி காலியாகவே இருக்கும், புதிய நாற்காலி போடப்படாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் பிரைன்யோல்ஃப்சனும் சகாக்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்து 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஏஐயின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, தாக்கம் குறைந்த தொழில்களோடு ஒப்பிட்டால், 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவம் உள்ளவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே இப்போதைக்கு உங்களைவிட உங்கள் மகளுக்குத்தான் கேள்வி கூர்மையாக இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

"எத்தனை வருடம்" என்ற கேள்விக்கு வேலையின் பெயரை வைத்து யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள். 2016இல் ஜெஃப்ரி ஹிண்டன், ஐந்தாண்டில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிப்பதில் இயந்திரம் மனிதரை மிஞ்சிவிடும், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். இன்றைய ஏஐ துறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். ஆனாலும் அந்த ஐந்தாண்டு தாண்டிய பிறகும் பல நாடுகளில் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடுதான். படத்தைப் படிப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி மட்டுமே என்பதை அந்தக் கணிப்பு விட்டுவிட்டது. ஆகவே உங்கள் வேலையையும் பணி பணியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

மேலாளர் சொன்ன 90 சதவீதத்தில் தொடங்குவோம். அந்த எண் அநேகமாகப் பில்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. உங்கள் நேரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நூறு பில்லில் தொண்ணூறு கை படாமலே பதிவாகலாம். அவை எப்போதுமே சுலபமாக இருந்தவை: தெரிந்த சப்ளையர், தெளிவான அச்சு, பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப்போகும் தொகை. மீதிப் பத்துதான் உங்கள் அரை நாளைத் தின்கிறது.

இதை ஊகமாக விடாமல் அளந்துவிடுங்கள். பத்து வேலை நாட்களுக்கு, 15 நிமிடத்துக்கு ஒரு வரி என்று ஒரு எக்செல் தாளில் குறியுங்கள். என்ன செய்தீர்கள், அதற்கான தகவல் எங்கிருந்து வந்தது (திரையிலா, போனிலா, ஒருவர் நேரில் வந்து சொன்னதா), அதில் தவறு நடந்தால் யாருக்கு நஷ்டம், அந்தத் தவறு எத்தனை நாள் கழித்து வெளியே தெரியும். இந்த நான்கு பத்தி போதும். ஒரு மாத இறுதி அந்தப் பத்து நாளுக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் பொய்யாகிவிடும். இயன்றால் குழுவில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கு இப்படிப் போகும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், இது உதாரணம்தான். குழுவின் நேரத்தில் 45 சதவீதம் பில்லைப் படித்துப் பதிவதில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 40.5 சதவீதம் மிச்சமாகும். ஆனால் மென்பொருள் செய்ததைச் சரிபார்க்க, அதன் விதிகளைத் திருத்த, அது திருப்பி அனுப்பியதைப் பார்க்க என்று 10 சதவீதம் புதிதாக வந்து சேரும். நிகர மிச்சம் 30.5 சதவீதம். எட்டுப் பேர் தேவைப்பட்டிருக்கக்கூடிய வேலை 5.6 பேருக்கு இறங்குகிறது. அந்த இரண்டு இடங்களைக் கைவிட்டது ஏன் என்பது இப்போது புரிகிறது இல்லையா? 90 சதவீதம் என்ற விளம்பரத்துக்கும் உங்கள் அளவீடு காட்டும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தை நிர்வாகத்துக்குக் காட்ட இந்தத் தாள்தான் உங்களிடம் இருக்கும் ஆதாரம்.

அடுத்து ஒரு சங்கடமான விஷயம். இயந்திரம் வந்தும் வேலை பெருகிய கதைகளைப் பலர் உங்களுக்குச் சொல்வார்கள். அதில் முதலிடம் ஏடிஎம்முக்கு. அமெரிக்காவில் ஏடிஎம் பரவியபோது ஒரு கிளைக்குத் தேவையான காசாளர் எண்ணிக்கை குறைந்தது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதல் கிளைகளைத் திறந்தன, மொத்தக் காசாளர் எண்ணிக்கை பல வருடம் குறையவே இல்லை. பொருளியலாளர் ஜேம்ஸ் பெஸன் ஆவணப்படுத்திய உண்மை இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கைப்பேசியிலேயே வங்கிச் சேவை வந்த பிறகு கிளைக்குப் போகவேண்டிய காரணமே குறைந்தது, காசாளர் வேலைகளும் சரிந்தன.

இயந்திரத்தால் ஒரு பொருள் மலிவாகும்போது மக்கள் அதை இன்னும் நிறையக் கேட்பார்களா என்பதே இங்கே தீர்மானிக்கும் விஷயம். கேட்டால் வேலை பெருகும், கேட்காவிட்டால் சுருங்கும். பில்லைப் பதிவு செய்வது மலிவாகிவிட்டது என்பதற்காக எந்த நிறுவனமும் கூடுதலாகப் பில் வாங்கப்போவதில்லை. ஆகவே ஏடிஎம் கதையின் முதல் பாதியை நம்பி நீங்கள் ஆறுதல் அடையக் கூடாது. ஆனால் பணம் எங்கே கசிகிறது, எந்தச் சப்ளையர் ஒப்பந்த விலையைத் தாண்டி வாங்குகிறார், அடுத்த எட்டு வாரத்தில் கையில் எவ்வளவு பணம் நிற்கும் என்ற கேள்விகளுக்கு எந்த நிறுவனத்திலும் தேவை தீர்ந்ததில்லை. நேரம் இல்லாததால் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. 1979இல் விசிகால்க் என்ற, தனிக் கணினிக்கான முதல் மின்விரிதாள் (எக்செல் போன்றது) வந்தபின் கணக்கு உலகில் இதுதான் நடந்தது. எழுதிக் கூட்டுகிற எழுத்தர் வேலைகள் தேய்ந்தன, "இப்படிச் செய்தால் என்ன ஆகும்" என்று கணக்கிட்டுச் சொல்கிற வேலைகள் வளர்ந்தன. ஒரே அறையில் இரண்டும் நடந்தன. யார் எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பதுதான் அவர்களுடைய அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானித்தது.

நீங்கள் நகரவேண்டிய இடம் எது என்று அறிய, ஒரு பில் இந்த மென்பொருளுக்குள் எப்படிப் போகிறது என்று அருகில் நின்று பாருங்கள். பில் படமாக வருகிறது. மென்பொருள் சப்ளையர் பெயர், பில் எண், தேதி, வரி, தொகை ஆகியவற்றை எடுக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரோடும் சரக்கு வந்ததற்கான ரசீதோடும் பொருத்துகிறது. இப்படி எடுத்த ஒவ்வொரு தகவல் கட்டத்துக்கும், அது எவ்வளவு நிச்சயம் என்று ஒரு நம்பிக்கை மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டினால் நேரே அப்ரூவலுக்குப் போய்விடும்.

தவறு புகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். 03-04 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்பது சப்ளையரின் பழக்கத்தைப் பொறுத்தது. கிரெடிட் நோட்டை (சப்ளையர் நமக்குக் கழித்துத் தரவேண்டிய தொகைக்கான சீட்டு) பில்லாகப் படித்தால், கழிக்க வேண்டியது கூட்டப்படும். ஆர்டரில் பெட்டிக் கணக்கு, பில்லில் உருப்படிக் கணக்கு. 0457 என்று ஒருமுறை, 457 என்று மறுமுறை வந்த ஒரே பில். பாதிச் சரக்கு வந்ததற்கு முழுப் பில். இவற்றில் எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. தவறின் தோற்றம்தான் புதிது. பழைய ஸ்கேனிங் மென்பொருளுக்கு ஒரு கட்டம் புரியாவிட்டால் காலியாக விடும், அல்லது கோணல்மாணலாக எதையாவது எழுதும், பார்த்தவுடன் தெரியும். மொழி மாதிரியை (ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகிக்கும் ஏஐ) அடிப்படையாகக் கொண்டவை அப்படியில்லை. பில்லில் ஆர்டர் எண் இல்லையென்றால், அந்தச் சப்ளையருக்குப் பொருந்துவதுபோல் இருக்கும் ஒரு எண்ணை ஒழுங்காக எழுதி வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. அந்தத் தவறு சரியான பதிலைப் போலவே தோற்றமளிக்கும்.

இதோடு மனிதரின் பலவீனமும் சேர்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும் ஒன்றைத் தினமும் பார்க்கிற கண், சில வாரத்தில் பார்க்காமலே ஒப்புதல் கொடுக்கப் பழகிவிடும். தானியங்கி ஆலைகளைப் பற்றி எழுதிய உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983லேயே இதை எச்சரித்தார்: இயந்திரம் எவ்வளவு நம்பகமாகிறதோ, அதைக் கண்காணிக்கும் மனிதரின் கைத்திறன் அவ்வளவு மழுங்கும், அவர் தேவைப்படுவதோ மிகக் கடினமான தருணத்தில். ஆகவே "மனிதர் ஒருவர் சரிபார்க்கிறார்" என்று ஆவணத்தில் எழுதிவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

அதற்கு நீங்களே ஒரு சோதனை நடத்துங்கள். மென்பொருள் தானாக ஏற்றுக்கொண்ட பில்களிலிருந்து குலுக்கல் முறையில் 300ஐ எடுங்கள். ஒவ்வொன்றையும் அசல் பில்லோடு கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். 300இலும் ஒரு தவறுகூட இல்லையென்றால், உண்மையான தவறு விகிதம் 1 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் அந்த உச்சவரம்பு கிடைக்கும் என்பது புள்ளியியலில் எல்லோரும் பயன்படுத்தும் குறுக்குவழி. வெறும் 30 பில்லைப் பார்த்துத் தவறில்லை என்று சொன்னால், உச்சவரம்பு 10 சதவீதம்வரை போகும். விற்பனையாளர்கள் செய்துகாட்டும் டெமோக்களில் இந்த அளவுதான் இருக்கக்கூடும். இதோடு கிரெடிட் நோட்டு, பாதிச் சரக்கு மட்டும் வந்தவை, வெளிநாட்டு நாணயம், மங்கலான ஸ்கேன் என்று கடினமானவற்றில் ஒரு 60ஐத் தனியாகச் சோதித்து, அந்த முடிவைத் தனியாகவே வையுங்கள், 300இன் கணக்கோடு கலக்காதீர்கள். சரிபார்க்கும் ஆட்களின் விழிப்பை அறிய, மேலாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு, சோதனைச் சூழலில் தெரிந்தே 20 தவறான பில்களைக் கலந்துவிட்டு எத்தனை பிடிபடுகின்றன என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி வரும் மின்னஞ்சலை ஏற்கும் அதிகாரம் எந்த மென்பொருளுக்கும் இருக்கக் கூடாது. நிறுவனத்தில் ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணுக்கு ஒருவர் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே அது மாற வேண்டும். குரலையும் எழுத்தையும் போலியாக உருவாக்குவது ஏஐயால் மலிவாகிவிட்டது. ஒருமுறை போன பணம் திரும்புவது அரிது. அதேபோல, சப்ளையரைப் புதிதாகச் சேர்ப்பதும் பணத்தை விடுவிப்பதும் ஒரே மென்பொருள் கணக்கின் கையில் இருக்கக் கூடாது. ஆட்களுக்கு வைத்த அதே பிரிவினை விதி இயந்திரத்துக்கும் பொருந்தும். மென்பொருள் தானாக அனுமதித்த பில்லில் தவறு வந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். 2024இல் கனடாவில், விமான நிறுவனமொன்றின் இணையதள உரையாடல் மென்பொருள் பயணிக்குத் தவறான தகவல் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. வெளியே பொறுப்பு நிறுவனத்துடையது. உள்ளே அது யார் தலையில் விழும் என்று முன்கூட்டித் தெளிவாக வேண்டும், இல்லாவிட்டால் கடைசியாகப் பொத்தானை அழுத்தியவர் தலையில் விழும்.

நான் சொல்ல வருவது இதுதான்: இயந்திரம் ஒரு வேலையின் பெரும்பகுதியை மலிவாக்கும்போது, மலிவாகாத மீதியில்தான் மதிப்பு போய்க் குவிகிறது. உங்கள் பிரிவில் அந்த மீதி என்பது விதிவிலக்குப் பில்கள் (மென்பொருளால் தீர்க்க முடியாமல் நிற்பவை), சப்ளையரோடு பேசித் தீர்ப்பது, கட்டுப்பாட்டு விதிகளை அமைப்பது, கையெழுத்துக்கு உரிய பொறுப்பு. 14 வருட அனுபவம் இந்த நான்கிலும்தான் விலை போகும். அடுத்த மூன்று மாதத்தில் விதிவிலக்குப் பதிவேடு ஒன்றை உங்கள் பெயரில் தொடங்குங்கள். எந்தப் பில் ஏன் நின்றது, எப்படித் தீர்ந்தது, எவ்வளவு பணம் காப்பாற்றப்பட்டது. இருமுறை கொடுத்த தொகையை மீட்டது, சீக்கிரம் பணம் கொடுத்து வாங்கிய தள்ளுபடி எல்லாம் அதில் ஏறட்டும். சம்பள உயர்வுப் பேச்சில் "நான் கடுமையாக உழைக்கிறேன்" என்பதைவிட அந்தப் பதிவேட்டின் மொத்தத் தொகை அதிகம் பேசும்.

மென்பொருள் வேகமாக வளர்கிறதே, அந்த மீதியையும் எடுத்துக்கொள்ளாதா? எடுக்க முயலும். இப்போது வருபவை ஒரு பில்லைப் படிப்பதோடு நிற்காமல், சப்ளையருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் படித்து, பதிவைத் திருத்தி, தொடர்ச்சியாகப் பல படிகளைத் தாமே செய்யும் ரகம். எம்இடிஆர் என்ற ஆய்வமைப்பு 2025 மார்ச்சில் வெளியிட்ட அளவீட்டில், ஏஐயால் பாதிக்குப் பாதி வெற்றியோடு முடிக்க முடிகிற வேலைகளின் நீளம் (பெரும்பாலும் மென்பொருள் சார்ந்தவை, மனிதருக்கு ஆகும் நேரத்தில் அளந்தால்) ஆறு வருடமாக ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டித்து வந்திருக்கிறது. சாதாரண வேகம் இல்லை இது. ஆனால் "பாதிக்குப் பாதி" என்ற சொற்களைக் கவனியுங்கள். பணம் அனுப்பும் இடத்தில் அது எதற்கும் உதவாது. ஒவ்வொரு படியிலும் 95 சதவீதம் சரியாகச் செய்யும் ஒன்று, 20 படிகளைத் தவறின்றி முடிக்கும் வாய்ப்பு 36 சதவீதம்தான். 99 சதவீதமாக உயர்ந்தாலும் 82 சதவீதம். நடுவே தவறைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் திறன் கூடக்கூட இந்த எண் ஏறும், ஏறிக்கொண்டும் இருக்கிறது. ஆகவே உங்கள் 300 பில் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். சென்ற வருடம் அதால் முடியாதது இந்த வருடமும் முடியாது என்று நினைப்பதுதான் அனுபவசாலிகள் அதிகம் சறுக்கும் இடம்.

ஏஐ பயன்படுத்துகிறவரின் சொந்த மதிப்பீட்டையும் அப்படியே நம்பாதீர்கள். அதே அமைப்பு 2025இல் அனுபவம் வாய்ந்த 16 மென்பொருளாளர்களிடம் சோதித்தபோது, ஏஐ உதவியால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் சொன்னார்கள். கடிகாரம் காட்டியது 19 சதவீதத் தாமதம். மறுபக்கம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றிய 2023 ஆய்வில் சராசரி உற்பத்தித்திறன் 14 சதவீதம் உயர்ந்தது, அனுபவம் குறைந்தவர்களுக்கு 34 சதவீதம், தேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டும் உண்மை. ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஏஐ தூக்கிவிடுகிறது. ஆழ்ந்த பழக்கம் உள்ள கைக்கு அது சில சமயம் தடை. இதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: புதியவர் சீக்கிரமே உங்கள் தரத்துக்குக் கிட்டே வந்துவிட்டால், வெறும் அனுபவ ஆண்டுகளுக்குக் கிடைத்த கூடுதல் சம்பளம் கரையும்.

நாட்டுப் பொருளாதார அளவில் என்ன ஆகும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு மிகப் பெரியது. கோல்ட்மேன் சாக்ஸ் 2023இல், பத்தாண்டுகளில் உலக மொத்த உற்பத்தி 7 சதவீதம் உயரலாம் என்றது. 2024இல் நோபல் பெற்ற டேரன் அசெமோக்லு, அமெரிக்காவின் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் (உழைப்பு, மூலதனம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவு) பத்தாண்டுக்கும் சேர்த்து 0.66 சதவீதத்துக்கு மேல் உயராது என்று கணக்கிட்டார். அளவுகோல்கள் வேறு என்றாலும் இடைவெளி பெரிது. எந்தெந்தப் பணிகள் லாபகரமாக இயந்திரத்துக்கு மாறும் என்ற அனுமானத்திலிருந்தே பெரும்பாலும் அந்த வேறுபாடு வருகிறது. என் பார்வையில் உடனடிப் பலன் மெதுவாகவே வரும். மின்சாரம் அப்படித்தான் வந்தது. எடிசனின் நியூயார்க் மின்நிலையம் 1882இல் ஓடத் தொடங்கியது. 1900வாக்கில்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர இயக்கத்தில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தொடவில்லை. நீராவி இயந்திரத்தின் இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, பழைய அச்சுத்தண்டுகளையும் பெல்ட்டுகளையும் அப்படியே ஓட்டினார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, ஆலையையே புதிதாக வடிவமைத்த 1920களில்தான் உற்பத்தித்திறன் துள்ளியது. பழைய அப்ரூவல் வரிசையில் ஏஐயைச் சொருகியிருக்கும் உங்கள் நிறுவனம் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறது. வரிசையையே மாற்றி அமைக்கும் நாள் வரும்போதுதான் பெரிய மாற்றம். அந்த அமைப்பை வரையும் மேசையில் உங்களுக்கு ஒரு இடம் வேண்டும் என்பதால்தான் அளவீடுகளை இப்போதே சேர்க்கச் சொல்கிறேன்.

உற்பத்தி உயர்ந்தால் சம்பளமும் தானாக உயரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரிட்டனின் தொழிற்புரட்சியில், 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை உற்பத்தி ஏறிக்கொண்டே போக, தொழிலாளர் கூலி வெகுவாகப் பின்தங்கியது. பேரப்பிள்ளைகளுக்கு நல்லதாக முடிந்த மாற்றம், அதன் நடுவில் வாழ்ந்த கைத்தறி நெசவாளர் குடும்பங்களை வறுமையில் தள்ளியது. இதைவிடக் கடினமான நிலையும் சாத்தியம். அறிவு சார்ந்த எல்லாப் பணிகளையும் இயந்திரம் மனிதரைவிட மலிவாகச் செய்யும் கட்டம் வந்தால், மேலே நான் சொன்ன "மீதி" சுருங்கிக்கொண்டே போகும். அப்போது சம்பளம் முதலில் ஏறிப் பின் சரியக்கூடும் என்பதை அன்டன் கொரினெக் போன்ற பொருளியலாளர்கள் மாதிரிகளில் காட்டியிருக்கிறார்கள். அதைத் தனிமனிதர் படிப்பால் சமாளிக்க முடியாது. வேலையிழப்புக் காப்பீடு, வரி அமைப்பு, மூலதனத்தின் லாபத்தில் எல்லோருக்கும் பங்கு என்பவை அரசும் தொழிற்சங்கங்களும் இப்போதே பேசவேண்டிய விஷயங்கள். எல்லாம் தனிமனிதரின் திறன் மேம்பாட்டில் இருக்கிறது என்று உங்களிடம் யாராவது சொன்னால், முழுச் சுமையையும் உங்கள் தோளில் இறக்குகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

புரோகிராமிங்: வருடக்கணக்கில் நீளும் கோர்ஸில் சேர வேண்டாம். சாதாரண நிரல்களை எழுதுவது ஏஐ மிக வேகமாக முன்னேறியிருக்கும் இடங்களில் ஒன்று. வாரம் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கி, உங்கள் நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்க எஸ்க்யூஎல், மாதிரி எடுத்துச் சோதிக்கும் அடிப்படைப் புள்ளியியல், உள்கட்டுப்பாடு, தணிக்கை ஆகியவற்றைப் படியுங்கள். ஆறு மாதம் போதும்.

உங்கள் மகள் வணிகவியலே படிக்கட்டும். படிப்பின் பெயரில் பிரச்சினை இல்லை, ஏணியின் முதல் படியில்தான். பில் பதிவு, வங்கிக் கணக்கு ஒப்பீடு போன்ற எளிய வேலைகளைச் செய்துதான் எல்லோரும் தேர்ந்தவர்களாக ஆனார்கள். அவை இயந்திரத்துக்குப் போனால் கற்கும் இடமும் போய்விடுகிறது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நிஜ நிறுவனங்களில் பல மாதம் பயிற்சி உண்டா என்று முதலில் பாருங்கள். வீட்டிலேயே மாதம் ஒருமுறை, உங்கள் குடும்பத்தின் வங்கிக் கணக்கையும் செலவுக் குறிப்பையும் கையால் ஒப்பிட்டுச் சமன் செய்யச் சொல்லுங்கள்.

ஏஐயை அவர் பயன்படுத்தட்டும், ஆனால் ஒரு வரிசையில்: முதலில் தானே விடை எழுதுவது, பிறகு ஏஐயிடம் கேட்பது, இரண்டும் எங்கே ஏன் வேறுபடுகின்றன என்று குறிப்பது. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் நடந்த சோதனை இதற்கு நல்ல காரணம் தருகிறது. சாதாரண ஏஐ உரையாடலை வைத்துக் கணிதப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைப் பயன்படுத்தாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையை நேரே தராமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த ஏஐயால் அந்தச் சரிவு பெருமளவு தவிர்ந்தது. முதல் வேலைக்கான நேர்காணலில் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "முதல் ஆறு மாதத்தில் என் வேலையை யார், எவ்வளவு அடிக்கடி பார்த்துத் திருத்துவார்கள்?" தெளிவான பதில் வராத இடத்தில் சம்பளம் கூடுதலாக இருந்தாலும் யோசிக்கட்டும்.

கடைசியாக வீட்டுக் கடன். நீண்டகாலம் ஒரே இடத்தில் இருந்தவர் வேலையிழந்தால் இழப்பு சீக்கிரம் ஆறுவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அப்படி வேலையிழந்தவர்களைப் பற்றிய 1993 ஆய்வில், சில வருடம் கழித்தும் அவர்கள் வருமானம், இழக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் மதிப்புள்ள அறிவு வெளியே விலைபோகாது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். ஆகவே சேமிப்பை மொத்தமாகக் கடனில் போடாதீர்கள். சாதாரண வீட்டுக் கடனுக்குள் போன பணத்தை வேலை இல்லாத மாதத்தில் திரும்ப எடுக்க முடியாது, வருமானம் இல்லாதவருக்கு வங்கி புதுக் கடனும் எளிதில் தராது. மாதத் தவணை, மகளின் கட்டணம் உட்பட ஒன்பது மாதச் செலவுக்கான தொகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் முதலில் நிறுத்துங்கள். வழக்கமாகச் சொல்லும் ஆறு மாதத்தைவிட மூன்று மாதம் கூடுதலாகச் சொல்வது உங்கள் வயதையும் துறையையும் பார்த்துத்தான். அதற்கு மேல் மிஞ்சுவதில் பாதியைக் கடனின் அசலில் கட்டலாம். கட்டும் முன், முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உண்டா, அசல் குறைந்தபின் தவணைத் தொகையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாகக் கடன் காலத்தைக் குறைத்தால் வட்டி அதிகம் மிச்சமாகும். உங்கள் நிலையில் மாதாமாதம் கட்டவேண்டியது குறைவதே அதிகம் உதவும்.